ஒரு தண்ணீர், இரண்டு திரவம்

பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உறையாத தண்ணீருக்குள் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்காக இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் 7 ஆண்டுகள் மோதிக்கொண்டன. முடிவைச் சொன்னது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமில் இருந்த பிழை. மோதல் நடந்த களமோ ஹைதராபாத்தில் பிறந்த ஒரு விஞ்ஞானி உருவாக்கிய ‘தண்ணீர்’.

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அது பாதி உண்மைதான். 0 டிகிரி என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. தண்ணீர் அங்கே உறைந்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தூசு தும்பு இல்லாத சுத்தமான தண்ணீரை அசைக்காமல் மெல்லக் குளிரவைத்தால் மைனஸ் 5, மைனஸ் 10 என்று இறங்கிக்கொண்டே போகும், திரவமாகவே இருக்கும். சீல் உடைக்காத மினரல் வாட்டர் பாட்டிலை ஃப்ரீசரில் சில மணிநேரம் வைத்துவிட்டு எடுத்தால் சில சமயம் இந்த வேடிக்கையைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது தெளிந்த தண்ணீர். பாட்டிலை மேஜை மீது ஒரு தட்டு தட்டினால் போதும், மேலிருந்து கீழாக வெள்ளை ஊசிகள் பாய்ந்து சில விநாடிகளில் பாட்டில் முழுக்கப் பனிக்கூழாகிவிடும்.

முழுவதும் கட்டியாகாமல் கூழாக நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடும். அந்த வெப்பமே மீதித் தண்ணீரை 0 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறது. மைனஸ் 8 டிகிரியில் இருந்த தண்ணீரில் உடனடியாக உறைவது சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

இப்படி உறைநிலைக்குக் கீழேயும் திரவமாக இருக்கும் தண்ணீரை அதிகுளிர் நீர் என்கிறார்கள். வெப்பமானிக்குத் தன் பெயரைக் கொடுத்த பாரன்ஹீட் 1721-லேயே இதைக் கவனித்தார். காற்றை நீக்கிய கண்ணாடிக் குமிழில் மழைநீரை அடைத்து இரவுக் குளிரில் வைத்தார். விடிந்த பிறகும் அது உறையவில்லை. குமிழின் நுனியை உடைத்ததும் தண்ணீருக்குள் பனித்துகள்கள் பரவின. 1724-ல் இதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்.

கரு கிடைக்கும்வரை

தண்ணீர் ஏன் தாமதிக்கிறது? பனிக்கட்டி என்பது மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும் நிலை. அந்த அணிவகுப்பை யாராவது தொடங்கிவைக்க வேண்டும். முதலில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்து பனியின் வடிவத்தில் நிற்கும். கூட்டம் மிகச் சிறியதாக இருந்தால் சுற்றியுள்ள தண்ணீர் அதைக் கலைத்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் அது கலையாது, மளமளவென்று வளரும். அதுதான் கரு. தூசு, பாத்திரத்தின் சுவரில் உள்ள கீறல், சில பாக்டீரியாக்கள் ஆகியவை அந்தக் கரு உருவாக இடம் கொடுக்கின்றன. சாதாரணத் தண்ணீரில் இவற்றுக்குப் பஞ்சமில்லை என்பதால்தான் நம் வீட்டு ஐஸ் தட்டில் தண்ணீர் ஒழுங்காக உறைகிறது.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஓர் எல்லை உண்டு. சுமார் மைனஸ் 40 டிகிரியை நெருங்கும்போது தண்ணீர் தனக்குத்தானே கருவை உருவாக்கிக்கொள்ளும். அதன்பின் உறைவதைத் தடுப்பது மிகக் கடினம்.

இது சோதனைச்சாலையோடு நிற்கும் விவகாரம் அல்ல. நம் தலைக்கு மேலே போகும் மேகங்களில் 0 டிகிரிக்கும் மைனஸ் 40-க்கும் இடையே கோடிக்கணக்கான அதிகுளிர் நீர்த்துளிகள் மிதக்கின்றன. செயற்கை மழை முயற்சிகளின் அடிப்படையே இதுதான். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஷேஃபர், 1946 ஜூலையில் ஒரு குளிர்பெட்டிக்குள் இருந்த அதிகுளிர் மூடுபனியில் உலர் பனிக்கட்டியைப் போட்டார். உடனே பெட்டி முழுவதும் பனிப்படிகங்கள் மின்னின. அதே ஆண்டு நவம்பரில் விமானத்தில் சென்று நிஜமான மேகத்திலும் செய்து பார்த்தார். அவருடைய சகா பெர்னார்ட் வானகட், சில்வர் அயோடைடு துகளும் இதே வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்தார். சில்வர் அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதால், தண்ணீர் மூலக்கூறுகள் அதையே கருவாக எடுத்துக்கொள்கின்றன. 2025 அக்டோபர் 28 அன்று தில்லி வானில் கான்பூர் ஐ.ஐ.டி. தூவிய கலவையிலும் சில்வர் அயோடைடு இருந்தது. மேகத்தில் போதிய ஈரம் இல்லாததால் குறிப்பிடும்படி மழை பெய்யவில்லை. விதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதிகுளிர் நீர் இல்லாத மேகத்தில் சில்வர் அயோடைடுக்கு வேலை இல்லை.

அதிகுளிர் நீர் ஆளையும் கொல்லும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரோஸ்லான் என்ற ஊருக்கு அருகே ஏ.டி.ஆர். 72 ரக விமானம் ஒன்று விழுந்து நொறுங்கி 68 பேரும் இறந்தார்கள். இறங்க அனுமதி கிடைக்காமல் அது வானத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தபோது, வழக்கத்தைவிடப் பெரிய அதிகுளிர் நீர்த்துளிகள் இறக்கையில் மோதின. மோதிய துளி பனியாக மாறியது. பனியை உடைத்து உதிர்க்கும் ரப்பர் பட்டைகள் இறக்கையின் முன்விளிம்பில் இருந்தன. ஆனால் பனி படிந்தது அந்தப் பட்டைகளுக்குப் பின்னால். இந்த விபத்துக்குப் பிறகு ஏ.டி.ஆர். விமானங்களில் ரப்பர் பட்டைகள் அகலமாக்கப்பட்டன. இந்தியாவின் சிறு நகரங்களுக்குப் பறப்பவற்றிலும் இந்த ரக விமானங்கள் உண்டு.

கைகோத்து விலகும் மூலக்கூறுகள்

ஆனால் விஞ்ஞானிகளை அரை நூற்றாண்டாகத் தூங்கவிடாத புதிர் வேறு. குளிரக் குளிர இந்தத் தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் மற்றத் திரவங்களைப் போல இல்லை.

குளிர்ந்தால் பொருள் சுருங்கும், அடர்த்தி கூடும். தண்ணீரும் 4 டிகிரிவரை அப்படித்தான். அதற்குக் கீழே போனால் தலைகீழாக விரிய ஆரம்பிக்கிறது. குளிர்காலத்தில் காஷ்மீரின் தால் ஏரி மேற்பரப்பில் மட்டும் உறைந்து, அடியில் மீன்கள் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்தக் குணம்தான். 0 டிகிரியைத் தாண்டியும் திரவமாகவே இருந்தால் விரிவது நிற்பதில்லை, வேகம் எடுக்கிறது. மைனஸ் 30 டிகிரியில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை சுமார் 0.984 கிராம்தான்.

காரணம் மூலக்கூறுகளின் உறவில் இருக்கிறது. ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர் மூலக்கூறு தன்னைச் சுற்றி நான்கு பேரோடு கைகோக்கும். இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். சாதாரணத் தண்ணீரில் இந்தப் பிடி நிலையானதல்ல. ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால், அத்தகைய ஒரு சில பங்கு நேரத்துக்குள் ஒரு கை விலகி வேறு கையைப் பிடித்துவிடும். இந்த அமளியில் ஐந்தாவதாக ஒரு மூலக்கூறு நெருக்கியடித்து உள்ளே நுழைவதும் உண்டு. அதனால் கூட்டம் நெருக்கமாக இருக்கும்.

குளிரும்போது அமளி அடங்குகிறது. நான்கு பேர் நான்கு மூலைகளில் ஒழுங்காக நிற்கும் குழுக்கள் அதிகமாகின்றன. ஐந்தாவது ஆள் வெளியே தள்ளப்படுகிறார். இந்த ஒழுங்கான ஏற்பாட்டுக்கு இடம் அதிகம் தேவை. எனவேதான் தண்ணீர் விரிகிறது. ஒரே தண்ணீருக்குள் நெருக்கமான திட்டுகளும் தாராளமான திட்டுகளும் கணத்துக்குக் கணம் தோன்றி மறைகின்றன.

விரிவதோடு விஷயம் முடியவில்லை. அழுத்தினால் தண்ணீர் எவ்வளவு அமுங்கும், ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் தேவை என்ற அளவுகளும் குளிரக் குளிர வேகமாக ஏறுகின்றன. 1976-ல் ராபின் ஸ்பீடி, ஆஸ்டின் ஆஞ்சல் ஆகிய இருவரும் அந்த ஏற்றத்தை வரைபடமாக்கி நீட்டிப் பார்த்தார்கள். மைனஸ் 45 டிகிரியில் கோடு வானத்தை நோக்கிப் பாய்வதுபோல் இருந்தது. இயற்பியலில் இப்படி ஓர் அளவு கட்டுக்கடங்காமல் ஏறினால், அங்கே ஏதோ ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

என்ன மாற்றம் என்று போய்ப் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். சுமார் மைனஸ் 40-க்குக் கீழே திரவம் கணத்தில் பனியாகிவிடும். மறுபக்கம், மைனஸ் 120-க்கும் கீழே தண்ணீரைக் கண்ணாடிபோல் ஒழுங்கற்ற திடப்பொருளாக உறையவைக்கலாம். அதைச் சூடேற்றினாலும் அந்த எல்லையைத் தாண்டும்போது படிகமாகிவிடும். நடுவில் உள்ள பிரதேசத்துக்கு ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஹைதராபாத்காரரின் தண்ணீர்

கையால் தொடமுடியாத தண்ணீரைக் கம்ப்யூட்டருக்குள் குளிரவைத்துப் பார்க்கும் வழியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அனீசூர் ரஹ்மான். 1927-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லூவானிலும் படித்தவர். 1960-ல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். 1964-ல் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்ட திரவத்தைக் கம்ப்யூட்டரில் ‘ஓடவிட்டு’, அணுக்கள் எப்படி நகர்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார். 1971-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் ஃபிராங்க் ஸ்டில்லிங்கரோடு சேர்ந்து வெறும் 216 மூலக்கூறுகளை வைத்துத் திரவத் தண்ணீரையே உருவாக்கினார். 1974-ல் இருவரும் மேம்படுத்தித் தந்த மாதிரித் தண்ணீருக்கு எஸ்.டி.2 என்று பெயர். எஸ் ஸ்டில்லிங்கரைக் குறிக்கிறது. ரஹ்மானின் பெயர் அதில் ஓர் எழுத்தாகக்கூட இல்லை. 1987-ல் அவர் மறைந்த பிறகு அமெரிக்க இயற்பியல் கழகம் கம்ப்யூட்டர் இயற்பியலுக்கான விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

அந்த எஸ்.டி.2 தண்ணீர்தான் 1992-ல் பெரிய வெடியைப் போட்டது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பூல், பிரான்செஸ்கோ ஷோர்டினோ, உல்ரிச் எஸ்மன், யூஜின் ஸ்டான்லி ஆகியோர் அதைக் குளிரவைத்து அழுத்திப் பார்த்தபோது, தண்ணீர் இரண்டு திரவங்களாகப் பிரிவதற்கான அடையாளம் தெரிந்தது. ஒன்று அடர்த்தியானது, மற்றொன்று அடர்த்தி குறைந்தது. இரண்டிலும் இருப்பது அதே மூலக்கூறுகள். வேறு எதுவும் கலக்கவில்லை.

புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு உதவும். தண்ணீரும் நீராவியும் வேறு வேறு. ஆனால் 374 டிகிரி வெப்பத்தில் காற்றழுத்தத்தைப்போல் 218 மடங்கு அழுத்தத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் மறைந்துவிடும். அதற்கு மாறுநிலைப் புள்ளி என்று பெயர். அதேபோல் கடுங்குளிரில், மிக உயர்ந்த அழுத்தத்தில் இரண்டாவது மாறுநிலைப் புள்ளி ஒன்று உண்டு. அதற்குக் கீழே இரண்டு திரவங்கள், மேலே ஒரே திரவம் என்பதுதான் பாஸ்டன் குழுவின் வாதம். நாம் குடிக்கும் தண்ணீர் 4 டிகிரியில் திசை மாறுவதுகூட அந்தத் தொலைதூரப் புள்ளியின் நிழல் என்றார்கள்.

அதற்கு ஒரு துணை ஆதாரமும் இருந்தது. ஒசாமு மிஷிமா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கனடாவின் ஒட்டாவாவில் பணியாற்றியபோது, 1984-ல் மைனஸ் 196 டிகிரியில் பனிக்கட்டியைக் காற்றழுத்தத்தைப்போல் 10,000 மடங்கு அழுத்தினார். அதன் படிக ஒழுங்கு நொறுங்கிக் கண்ணாடி போன்ற பனியானது. அதன் அடர்த்தி 1.17. வேறொரு வகைக் கண்ணாடிப் பனியின் அடர்த்தி 0.94. அழுத்தத்தில் ஒன்று மற்றொன்றாகச் சட்டென்று மாறுவதையும் மறு ஆண்டே காட்டினார். கண்ணாடியில் இரண்டு வகை உண்டென்றால் திரவத்திலும் ஏன் இருக்கக்கூடாது?

இன்னொரு எச்சரிக்கைக் குரலும் எழுந்தது. பின்னாளில் பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தின் பேராசிரியரான ஸ்ரீகாந்த் சாஸ்திரி, ஷோர்டினோ, ஸ்டான்லி, பிரின்ஸ்டனின் பாப்லோ டெபெனெடெட்டி ஆகியோரோடு 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். குளிரும்போது விரியும் திரவம் எதுவானாலும் அதன் அமுங்கும் தன்மை ஏறத்தான் வேண்டும். அதற்கு இரண்டாவது மாறுநிலைப் புள்ளி கட்டாயம் தேவையில்லை என்று அது காட்டியது. அதாவது தண்ணீரின் விசித்திரக் குணங்களை மட்டும் வைத்து இரண்டு திரவம் உண்டு என்று தீர்ப்பு எழுத முடியாது. நேரடி ஆதாரம் வேண்டும்.

பிரின்ஸ்டனும் பெர்க்லியும்

2009-ல் டெபெனெடெட்டியின் பிரின்ஸ்டன் குழு, எஸ்.டி.2 தண்ணீரில் இரண்டு திரவங்களும் உண்டு என்று கணக்கிட்டது. 2011-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து மறுப்பு வந்தது. எழுதியவர் லேசுப்பட்டவர் அல்ல. திரவங்களின் கோட்பாட்டில் உலகமே மதித்த டேவிட் சாண்ட்லர். உடன் எழுதியவர் அவருடைய மாணவர் டேவிட் லிம்மர். நீங்கள் இரண்டாவது திரவம் என்று நினைப்பது உறையத் தொடங்கிவிட்ட பனிக்கட்டியைத்தான்; பொறுமையாகக் காத்திருந்தால் அது படிகமாகிவிடும் என்பது அவர்கள் வாதம்.

இரு தரப்பும் கணக்கிட்டது ஒரே பொருளை: ரஹ்மானும் ஸ்டில்லிங்கரும் தந்த அதே மாதிரித் தண்ணீரை. தண்ணீரின் ஒவ்வொரு நிலையையும் ஒரு பள்ளமாகக் கற்பனை செய்தால், பிரின்ஸ்டன் கண்டது மூன்று பள்ளங்கள்: இரண்டு திரவம், ஒரு பனிக்கட்டி. பெர்க்லி கண்டது இரண்டுதான்: ஒரு திரவம், ஒரு பனிக்கட்டி. ஒரே விதிகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் ஒரே விடைதானே வரவேண்டும்? மாநாடுகளில் வாக்குவாதம் சூடேறியது. பிரின்ஸ்டன் குழு வேறு வேறு கணக்கு முறைகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து 2014-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. எல்லா முறையிலும் அதே மூன்று பள்ளங்கள். பெர்க்லி அசையவில்லை.

விடை கிடைத்தது பெர்க்லியின் புரோகிராம் பிரின்ஸ்டனின் கைக்குக் கிடைத்த பிறகுதான். வரி வரியாகப் படித்துப் பார்த்ததில், ஒவ்வொரு சிறு ஓட்டத்தின் தொடக்கத்திலும் மூலக்கூறுகளுக்கு வேகத்தை ஒதுக்கும் பகுதியில் பிழை தெரிந்தது. தண்ணீர் மூலக்கூறு இடம்விட்டு இடம் நகரும். தன்னைத்தானே சுழலவும் செய்யும். இந்த இரண்டு அசைவுகளுக்கும் ஒரே வெப்பநிலை இருக்கவேண்டும் என்பது இயற்பியலின் அடிப்படை. பிழையால் அந்தச் சமநிலை குலைந்திருந்தது. திருத்தி ஓட்டியதும் காணாமல்போன பள்ளம் திரும்பிவந்தது. இந்த முடிவு 2018-ல் வெளியானது. அதைப் பார்க்க சாண்ட்லர் இல்லை. 2017 ஏப்ரலில் இறந்துவிட்டார்.

சாண்ட்லரின் எதிர்ப்பு வீண்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் கேள்வி கேட்டிருக்காவிட்டால் பிரின்ஸ்டன் குழு தன் கணக்கை இத்தனை முறைகளில் சோதித்திருக்காது. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிர்த்தரப்பின் புரோகிராமைத் திறந்து பார்க்க முடிந்திருந்தால் சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடிய வழக்கு 7 ஆண்டுகள் இழுத்தது. சோதனைச்சாலை ஆராய்ச்சியில் கருவியையும் செய்முறையையும் விளக்காமல் யாரும் கட்டுரை எழுதுவதில்லை. கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் புரோகிராம்தான் கருவி. அதைப் பூட்டிவைத்தால் மற்றவர்கள் முடிவை நம்பலாம், அல்லது நம்பாமல் இருக்கலாம், சரிபார்க்க முடியாது.

நிஜத் தண்ணீர் சொன்னது

மாதிரித் தண்ணீர் இரண்டாகப் பிரியலாம். நிஜத் தண்ணீர்? ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஆண்டர்ஸ் நில்சன் குழு அதற்கு விடை தேடியது. நுண்ணிய நீர்த்துளிகளை வெற்றிடத்தில் பாய்ச்சினால், ஆவியாகும் வேகத்தில் அவை மைனஸ் 46 டிகிரிவரை குளிர்கின்றன. பனியாவதற்கு முன் கிடைக்கும் அற்ப நேரத்தில் எக்ஸ்ரே லேசரால் படம்பிடித்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, தண்ணீரின் அமுங்கும் தன்மை மைனஸ் 44 டிகிரியில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. 1976-ல் கோடு வானத்தை நோக்கிப் பாய்வதுபோல் தெரிந்த இடத்துக்கு ஒரு டிகிரி பக்கத்தில்.

2020-ல் இதே குழு மறுபக்கத்திலிருந்து உள்ளே நுழைந்தது. தென்கொரியாவின் போஹாங்கில், அடர்த்தியான கண்ணாடிப் பனியை லேசரால் நொடிப்பொழுதில் மைனஸ் 68 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். அது அழுத்தம் மிகுந்த அடர்திரவமாக மாறி, விரிந்து, பனிப்படிகமாவதற்கு முன்பே அடர்த்தி குறைந்த திரவமாக மாறுவதை எக்ஸ்ரே காட்டியது. அதே ஆண்டு டெபெனெடெட்டி, ஷோர்டினோ, குல் ஜெர்ஸே மூவரும் எஸ்.டி.2-வைவிட நிஜத்துக்கு நெருக்கமான இரண்டு மாதிரித் தண்ணீர்களில் அந்த மாறுநிலைப் புள்ளியைக் கணக்கிட்டார்கள். ஒன்றில் சுமார் மைனஸ் 100 டிகிரி, மற்றதில் சுமார் மைனஸ் 85 டிகிரி. அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 1,700 முதல் 1,850 மடங்கு. உலகின் மிக ஆழமான கடலடியிலேயே அழுத்தம் சுமார் 1,100 மடங்குதான்.

தண்ணீர் இதில் தனி ஆளும் அல்ல. சிலிக்கான் அணுவும் நான்கு பேரோடு கைகோக்கும் ஜாதி. பெங்களூரில் சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் அதிகுளிர் சிலிக்கானைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்து, அதிலும் இரண்டு திரவங்களும் ஒரு மாறுநிலைப் புள்ளியும் இருப்பதாக 2011-ல் காட்டினார்கள். நான்கு மூலைகளில் நிற்கும் ஒழுங்குதான் இதற்கு வேர் என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது.

நம் குழாயில் வரும் தண்ணீர் நாளை இரண்டாகப் பிரிந்துவிடப் போவதில்லை. ஆனால் மேகத்தில் எந்தத் துளி எப்போது உறையும் என்பது மழையையும், விமானத்தின் பத்திரத்தையும், பூமி எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. பனியைவிடத் திரவத்துளிகள் நிறைந்த மேகம் வெயிலை அதிகமாகத் திருப்பும். பருவநிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாதிரிகள் பல, மேகங்களில் அதிகுளிர் நீரைக் குறைவாக மதிப்பிட்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. அந்தக் கணக்குகளைத் திருத்த, குளிரில் தண்ணீர் மூலக்கூறுகள் எப்படிக் கைகோக்கின்றன, எப்போது அணிவகுக்கின்றன என்பது தெரிந்தாக வேண்டும். 216 மூலக்கூறுகளோடு ரஹ்மானும் ஸ்டில்லிங்கரும் 1971-ல் தொடங்கிய வேலை அது.